ஃபர்னஸ் ஓடுகிறது, வீடு மட்டும் சூடாகவில்லையா?

முதலில் பாதுகாப்பு. கேஸ் வாடை அடித்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறினாலும், வீட்டில் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்று வந்தாலும் உடனே வெளியேறி அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை என்பதால் அலாரத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையா, சரி, அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டிலிருந்து தொடங்கலாம். நான் இங்கே சொல்வது காற்றைச் சூடாக்கி டக்ட் என்ற காற்றுக் குழாய் வழியாக அறைகளுக்கு அனுப்பும் கேஸ் ஃபர்னஸுக்கு. தெர்மோஸ்டாட் 'ஹீட்'டில் இருக்கிறதா, வைத்திருக்கும் அளவு அறையின் இப்போதைய வெப்பத்தைவிட அதிகமா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஃபேன் 'ஆன்'இல் இருந்தால் 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள், ஏனென்றால் 'ஆன்'இல் பர்னர் எரியாத நேரத்திலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், வருகிற காற்று குளிர்ந்துதான் இருக்கும், நீங்கள் மெஷின் கெட்டுப்போனதாக நினைத்துக் கவலைப்படுவீர்கள். ஒன்றுமே ஓடவில்லை என்றால் பிரேக்கரையும், ஃபர்னஸ் பக்கத்தில் சாதாரண லைட் ஸ்விட்ச் போலவே இருக்கும் அதன் ஸ்விட்சையும் பாருங்கள், விளக்கு என்று நினைத்து யாராவது அணைத்திருக்கலாம். ஃபர்னஸின் கதவு சரியாக மூடாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அதை ஓட விடாது.

அடுத்தது ஃபில்டர். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். சூடான காற்று கொஞ்ச நேரம் வருகிறது, அப்புறம் குளிர்ந்த காற்று, மறுபடி கொஞ்சம் சூடு என்று மாறி மாறி வந்தால், முதலில் ஃபில்டர்மேல்தான் சந்தேகப்பட வேண்டும். தூசி அடைத்துக்கொண்டால் காற்று போதுமான அளவு உள்ளே போகாது, தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகும், உடனே லிமிட் ஸ்விட்ச் பர்னரை அணைத்துவிடும், ஆனால் சூட்டைத் தணிக்க ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அதன் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். 1 அங்குல ஃபில்டரை 1 முதல் 3 மாதத்துக்குள் மாற்றுவது நல்லது, நாய் பூனை இருக்கும் வீட்டில் இன்னும் சீக்கிரம். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் நெருக்கமான ஃபில்டர் எல்லா ஃபர்னஸுக்கும் ஒத்துவராது, அது காற்றை மறித்து இதே கோளாறைக் கொண்டுவரலாம். அறைகளில் காற்று வரும் வென்ட்களை மூடி வைப்பதும், அவற்றின்மேல் சோபாவைப் போடுவதும் அப்படித்தான்.

ஃபில்டரும் சரி, இன்னும் சூடு இல்லை என்றால் ஃபர்னஸ் பக்கத்தில் நின்று கவனியுங்கள். அது ஒரு வரிசையில்தான் வேலை செய்யும். தெர்மோஸ்டாட் கேட்டதும் முதலில் புகையை வெளியேற்றும் சின்ன மோட்டார் ஓடும், பிரஷர் ஸ்விட்ச் காற்றோட்டம் சரி என்று சொல்லும், தீ மூட்டும் இக்னைட்டர் சிவந்து ஒளிரும், கேஸ் வால்வு திறக்கும், பர்னர் பற்றும், தீ பற்றியதை ஃபிளேம் சென்சர் உறுதி செய்யும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெரிய ஃபேன் ஓடும். எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு, அதைக் கவனிக்காமல் பாகங்களை வாங்கி மாட்டுவது காசுக்குக் கேடு.

பர்னரில் தீ பிடித்து, சில நொடியிலேயே அணைந்து, மறுபடி முயன்று அணைந்தால் பெரும்பாலும் ஃபிளேம் சென்சர் அழுக்கு. பிரேக்கரையும் கேஸையும் அணைத்து, ஃபர்னஸ் ஆறிய பிறகு, அந்த மெல்லிய கம்பியைக் கழற்றி மென்மையான இரும்பு நாரால் (ஸ்டீல் வூல்) லேசாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினால் போதும். பக்கத்தில் இருக்கும் இக்னைட்டரைக் கையால் தொட வேண்டாம், சுலபமாக உடையும். சின்ன மோட்டார் ஓடியும் இக்னைட்டர் சிவக்கவில்லை என்றால், வெளியே போகும் குழாய்களைப் பனியோ இலையோ அடைத்திருக்கிறதா, தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய வகை ஃபர்னஸ்களில் புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகும், அது வடியாவிட்டால் பிரஷர் ஸ்விட்ச் அடுத்த கட்டத்துக்கு விடாது. எதுவும் பிடிபடவில்லை என்றால் ஃபர்னஸை இயக்கும் கன்ட்ரோல் போர்டில் மின்னும் சின்ன விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள், அதற்கான அர்த்தம் பெரும்பாலும் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும்.

கேஸ் வால்வு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் இரண்டிலும் நீங்கள் கை வைக்கக் கூடாது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகவே எரிந்தாலோ, பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்தாலோ ஃபர்னஸை அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, விளக்கு எத்தனை முறை மின்னியது என்று போனிலேயே சொல்லிவிட்டால், தேவையான பாகத்தை அவர் வரும்போதே கொண்டுவர முடியும்.