ஆய்வக முடிவு ஒருமுறைதான் பதிவாக வேண்டும்: மருத்துவ மென்பொருளைப் பிரித்து எழுதும் முதல் படிகள்

மருத்துவமனைக்கு மென்பொருள் எழுத வருகிறவர்கள் நோயாளிப் பதிவு, ஆய்வகம், மருந்தகம், பில் அனைத்தையும் ஒரே நிரலில் அடைத்துவிடுகிறார்கள். ஆய்வகத் திரையில் கைவைத்தால் பில் கவுன்டர் நின்றுபோகும். பதிவு, ஆய்வகம் என இரண்டை மட்டும் பிரித்துப் பழகுவோம்.

படி 1: எந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்று தீர்மானியுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் திருத்தும் உரிமை பதிவுப் பிரிவுக்கு மட்டுமே. ஆய்வகத்துக்கு நோயாளியின் எண் போதும். இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் எழுதினால் அது பிரிப்பே அல்ல.

படி 2: தகவல் பரிமாற்றத்துக்குச் சொந்த வடிவம் கண்டுபிடிக்காதீர்கள். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்குத் தரநிலைகள் வகுக்கும் ஹெச்எல்7 (HL7) அமைப்பின் ஃபயர் (FHIR) தரநிலை இருக்கிறது. மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து இயக்கும் டாக்கரில் (Docker), ஃபயர் தரநிலைப்படி தரவைச் சேமிக்கும் ஹாப்பி ஃபயர் (HAPI FHIR) சர்வரை இயக்குங்கள், இலவசம்தான். வழக்கமாக 8080 போர்ட்டில் கிடைக்கும். கற்பனை நோயாளிகளை மட்டும் பதியுங்கள், ஏனெனில் இந்தப் பயிற்சி சர்வருக்குக் கடவுச்சொல் காவல் கிடையாது.

படி 3: ஒரு ஹீமோகுளோபின் முடிவை, ஃபயரில் சோதனை முடிவுகளுக்கென உள்ள 'அப்சர்வேஷன்' (Observation) வடிவில் அனுப்புங்கள். சோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுப்பான லோயின்க்கில் (LOINC) இதன் குறியீடு 718-7. அந்தக் குறியீடு, மதிப்பு, அலகு, நோயாளி எண், முடிவின் நிலை (status) ஆகியவை அதில் இருக்கட்டும். சோதனையின் பெயரை மட்டும் எழுதினால் ஆளுக்கொரு சுருக்கம் வைப்பார்கள், குறியீடு மாறாது.

படி 4: இங்கேதான் நிதானம் தேவை. ஆய்வகம் முடிவை அனுப்புகிறது, சர்வர் சேமிக்கிறது, ஆனால் 'கிடைத்தது' என்ற பதில் வழியில் தொலைகிறது. ஆய்வகம் மீண்டும் அனுப்பும். இரண்டு பதிவுகளைக் காணும் மருத்துவர், இரண்டுமுறை ரத்தம் எடுத்ததாகவே நினைப்பார். எனவே மாதிரிக் குழாயின் பார்கோடு எண்ணையும் சோதனைக் குறியீட்டையும் சேர்த்து முடிவுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள். அனுப்பும் ஹெச்டிடிபி கோரிக்கையின் 'இஃப்-நன்-எக்ஸிஸ்ட்' (If-None-Exist) என்ற தலைப்புப் புலத்தில் அந்த அடையாளத்தைக் குறிப்பிட்டால், ஏற்கெனவே இருப்பதைச் சர்வர் மறுபடி உருவாக்காது. பதில் வரும்வரை அந்த முடிவு ஆய்வகத்தின் 'அனுப்ப வேண்டியவை' அட்டவணையிலேயே காத்திருக்கட்டும்.

முடிவு தவறென்று தெரிந்தால் அழிக்காதீர்கள். மதிப்பைத் திருத்தி, நிலையைக் 'கரெக்டட்' (corrected, திருத்தப்பட்டது) என்று மாற்றுங்கள். பழைய எண்ணை நம்பி யாரேனும் மருந்து எழுதியிருக்கலாம். அதற்குத் தடயம் வேண்டும்.

படி 5: சோதனை. சர்வரை நிறுத்தாதீர்கள், டாக்கரில் இடைநிறுத்துங்கள். பயிற்சி அமைப்பில் தரவு நினைவகத்தில் மட்டும் இருப்பதால் நிறுத்தினால் எல்லாம் போய்விடும். அந்த நிலையில் ஒரு முடிவை அனுப்பி, காத்திருப்பு நேரம் முடியட்டும். சர்வரை விடுவித்து, சில விநாடிகள் கழித்து அதையே மீண்டும் அனுப்புங்கள். அந்த நோயாளிக்கு இரண்டு முடிவுகள் தெரிந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.