மழைமானியையும் மக்களின் பதிவுகளையும் சேர்த்து நிலச்சரிவைக் கண்டறியும்போது செய்யும் தவறுகள்

நிலம் நடுங்கினால் நிலநடுக்கமானி சொல்லிவிடும். நிலச்சரிவை நேரடியாகச் சொல்லும் கருவி பெரும்பாலான மலைகளில் இல்லை. எவ்வளவு மழை பெய்தது, பூமி குலுங்கியதா என்று சரிவைத் தூண்டும் காரணங்களைத்தான் கருவிகள் அளக்கின்றன. சரிந்ததா என்பதைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிட்மஸ் என்ற அமைப்பை உருவாக்கியது இதற்காகத்தான். நிலநடுக்கத் தரவு, மழையை அளக்கும் செயற்கைக்கோளின் தரவு, ட்விட்டர் (இப்போது எக்ஸ்), இன்ஸ்டாகிராம், யூடியூப் பதிவுகள் எல்லாவற்றையும் அதில் சேர்த்தார்கள். கருவிகளை இயற்பியல் உணரிகள் என்றும், பதிவிடும் மக்களைச் சமூக உணரிகள் என்றும் இத்துறையில் சொல்கிறார்கள்.

இந்த இரண்டையும் ஒரே மாதிரியான எண்களாக நினைத்துக் கூட்டிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அவற்றில் மிக ஆபத்தானது, பதிவே வராவிட்டால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வது. மழைமானி சுழியம் காட்டினால், கருவி பழுதாகாதவரை, மழை இல்லை என்று அர்த்தம். மக்களின் மௌனத்துக்கு அப்படி அர்த்தம் கிடையாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்தது நள்ளிரவு தாண்டிய பிறகு. ஊரே உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மண்ணோடு போராடுகிறவர் போனை எடுத்துப் பதிவு போட மாட்டார். 2012இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது ட்வீட்டுகள் குவிந்தது மன்ஹாட்டனிலிருந்து. கடுமையாக அடிபட்ட கடலோரப் பகுதிகளான ராக்கவே, கோனி ஐலண்டு பக்கமிருந்து வந்தவை குறைவு. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மீட்புப் படகுகளை அனுப்பியிருந்தால் அவை தவறான இடத்துக்குப் போயிருக்கும்.

அதனால் ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வழக்கமாக எத்தனை பதிவுகள் வரும் என்ற கணக்கை முதலில் எடுத்து வைக்க வேண்டும். வழக்கமாகவே இரவு இரண்டு மணிக்கு யாரும் எழுதாத ஊரில் மௌனத்துக்கு எடையே தரக் கூடாது. எப்போதும் பதிவுகள் வரும் ஊரில் அவை சட்டென்று நின்றுபோனால், மின்சாரமோ செல்போன் கோபுரமோ போயிருக்கலாம். அதுவே ஒரு தடயம்தான்.

அடுத்தது நேரம். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் முடிவையே மாற்றிவிடும். ட்விட்டர் தரும் நேரம் உலகப் பொது நேரம், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இதைப் பலரும் கவனித்துவிடுகிறார்கள். தவறவிடுவது மழைக் கணக்கைத்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளின் மழை என்று தருவது அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்துக்கு. வயநாட்டுக்கு ஜூலை 30 தேதியிட்ட அளவை எடுத்துக்கொண்டால், சரிவுக்குப் பிறகு விடியும் வரை பெய்த மழையும் அதற்குள் சேர்ந்துவிடும். நடந்து முடிந்த பின் பெய்த மழையைக் காரணமாகக் காட்டும் கணினி மாதிரி, பரிசோதனையில் பிரமாதமாகத் தேறும், களத்தில் கைவிடும்.

செயற்கைக்கோள் தரும் மழைக் கணக்கிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. அது நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே சராசரி அளவைத் தருகிறது. 1997இல் ஏவப்பட்ட, மழையை அளக்கும் டிஆர்எம்எம் செயற்கைக்கோளின் புகழ்பெற்ற மழைத் தரவில் ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டர். ஒரே பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்த்த மழை அந்தக் கட்டத்தின் சராசரியில் கரைந்துவிடும். அதற்குப் பின்னால் வந்த ஜிபிஎம் என்ற செயற்கைக்கோள் திட்டத்தின் தரவில் கட்டம் 0.1 டிகிரிக்குச் சுருங்கியது. மலைச்சரிவுக்கு அதுவும் பெரிது. கட்டம் அமைதியாக இருக்கிறது என்பதற்காக, சரிவைப் பார்த்தேன் என்று எழுதுகிறவரைத் தள்ளிவிடாதீர்கள்.

சொற்களைத் தேடுவதில் நடக்கும் தவறு ஓரளவு தெரிந்ததே. ஆங்கிலத்தில் 'லேண்ட்ஸ்லைடு' என்று தேடினால், அமோக வெற்றிக்கும் அதே சொல் என்பதால், தேர்தல் வெற்றிகள் வந்து குவியும். தமிழில் 'நிலச்சரிவு' என்று மட்டும் தேடினால் 'மண்சரிவு' போய்விடும், 'ரோட்ல மண்ணு சரிஞ்சிருச்சு' போய்விடும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் மொத்தமாகப் போய்விடுவார்கள். நேரில் பார்த்தவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார். திருத்தமான சொல்லை எழுதுகிறவர் செய்தியைப் படித்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ட்வீட்டுகளிலிருந்து நிலநடுக்கத்தைக் கண்டறிந்தபோது இந்த வேறுபாட்டை அழகாகப் பயன்படுத்தியது. குலுக்கலை உணர்ந்தவர் 'நிலநடுக்கமா?' என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார், இணைப்பு தருவதில்லை, ரிக்டர் எண் சொல்வதில்லை. எனவே ஏழு சொற்களைத் தாண்டிய ட்வீட்டுகளையும், இணைப்போ எண்ணோ உள்ளவற்றையும் விலக்கினார்கள். 2014இல் கலிஃபோர்னியாவின் நாபா நிலநடுக்கத்தை இந்த முறை 29 விநாடிகளில் பிடித்தது.

இந்த வடிகட்டல் இன்னொரு தவறையும் தடுக்கிறது. கருவியின் அளவை ஒரு தானியங்கிக் கணக்கு ட்வீட் செய்கிறது, அதை நூறு பேர் பகிர்கிறார்கள். உங்கள் நிரல் அதைக் கருவியோடு மக்களும் ஒத்துப்போவதாக எண்ணிக்கொள்கிறது. உண்மையில் சாட்சி ஒன்றுதான். மறுபகிர்வுகளையும் ஒரே படத்தின் நகல்களையும் ஒன்றாகச் சுருக்கிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.

இடம் கண்டுபிடிப்பதில் அவசரம் வேண்டாம். துல்லியமான இடக்குறியோடு வரும் ட்வீட்டுகள் எப்போதுமே மிகச் சொற்பம், பெரும்பாலும் வாசகத்தில் உள்ள ஊர்ப்பெயரை நம்ப வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்தில் 'சேலம்' என்று வந்தால் அது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகராகவும் இருக்கலாம். பதிவின் மொழியையும் பக்கத்தில் வரும் வேறு ஊர்ப்பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் தீரும்.

ஒரே தளத்தை நம்பி எல்லாவற்றையும் கட்டாதீர்கள். 2023இல் ட்விட்டர் இலவசத் தரவு வழியை மூடியபோது பல ஆய்வுகள் நின்றுபோயின.

கடைசியாக, சோதிக்கும் முறை. செய்தித்தாளில் வந்த சரிவுகளை மட்டும் வைத்துச் சோதித்தால், மக்கள் பேசிய சரிவுகளை மட்டுமே உங்கள் அமைப்பு பிடிக்கிறது என்பது தெரியவே தெரியாது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தொகுத்திருக்கும் நிலச்சரிவுப் பட்டியலை எடுங்கள். அதில் யாருமே பதிவிடாத சரிவுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றில் எத்தனையைப் பிடித்தீர்கள் என்பதை ஒரு தனி எண்ணாக எழுதி வையுங்கள்.