வீடு வாங்கும் முன் கார்டு பாக்கியைக் கவனியுங்கள்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்கா வந்து இரண்டு மூன்று வருடம் ஆனதும், இவ்வளவு வாடகை கொடுப்பதற்குப் பதில் சொந்த வீடே வாங்கிவிடலாமே என்ற எண்ணம் பலருக்கும் வரும். டவுன் பேமென்ட், அதாவது வீட்டு விலையில் நாம் முதலில் கையிலிருந்து போடும் பணம், சேர்க்கத் தொடங்குவோம். பள்ளிக்கூடம் எப்படி, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று வார இறுதியெல்லாம் வீடு பார்ப்போம். கிரெடிட் கார்டு பற்றி மட்டும் யோசிக்க மாட்டோம், அதுதான் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறோமே என்று. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது என்னிடம் இருந்தது 5,000 டாலர் லிமிட் உள்ள ஒரே கார்டு. ஒரு முறைகூட ட்யூ டேட்டைத் தாண்டியதில்லை, வட்டி என்று ஒரு சென்ட் கொடுத்ததில்லை. அப்பா அம்மாவை இங்கே வரவழைக்க விமான டிக்கெட்டும் மருத்துவ இன்சூரன்ஸும் அந்தக் கார்டில்தான் எடுத்தேன். மொத்தம் 3,900 டாலர். பணம் வங்கியில் தயாராக இருந்தது, ட்யூ டேட் வரட்டும் என்று விட்டுவிட்டேன். இடையில் வீட்டுக் கடனுக்கு ப்ரீ-அப்ரூவல், அதாவது இவ்வளவு கடன் தரலாம் என்ற முன் ஒப்புதல், கேட்டுப் போனேன். “கார்டை ஏறக்குறைய முழுசாகப் பயன்படுத்தி வைத்திருக்கிறீர்களே” என்றார் லோன் ஆபீசர். என் கிரெடிட் ஸ்கோர், அதாவது ஒருவரை நம்பி எவ்வளவு தூரம் கடன் தரலாம் என்று காட்டும் எண், நான் நினைத்திருந்ததைவிட நிறையக் கீழே இருந்தது. நான் எந்தத் தவறும் செய்யவில்லையே என்று அன்று இரவெல்லாம் குழம்பிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார்டுக்கு மாதத்தில் இரண்டு முக்கியமான தேதிகள் உண்டு. ஒன்று ஸ்டேட்மென்ட் தேதி, அன்றோடு அந்த மாதக் கணக்கு மூடப்படும். இன்னொன்று ட்யூ டேட், அது ஸ்டேட்மென்ட் வந்து குறைந்தது 21 நாள் கழித்துத்தான் வரும். நாம் கவனிப்பது இரண்டாவதை. ஆனால் பெரும்பாலான கார்டு நிறுவனங்கள் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் பீரோக்களுக்கும் (நம் கடன் கணக்குகளைப் பதிவு செய்து வைக்கும் நிறுவனங்கள்) அனுப்புவது, ஸ்டேட்மென்ட் தேதியில் உள்ள பாக்கியை. நீங்கள் பத்து நாள் கழித்து அதை முழுசாகக் கட்டப்போகிறீர்கள் என்பது பீரோவுக்குத் தெரியாது. அங்கே பதிவாவது 5,000 லிமிட்டில் 3,900 பாக்கி, அதாவது 78 சதவீதம் என்பது மட்டும்தான்.

இந்தச் சதவீதத்தைத்தான் யூட்டிலைசேஷன் என்கிறார்கள். கடன் கொடுப்பவர்கள் அதிகம் பார்க்கும் கிரெடிட் ஸ்கோரான ஃபைகோ 300-லிருந்து 850 வரை போகும். அதில் சரியான நேரத்தில் கட்டுகிறீர்களா என்பதற்கு 35 சதவீதப் பங்கு. எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 30 சதவீதம். இந்த 30-இல் கார்டு யூட்டிலைசேஷன்தான் பெரிய பகுதி. எல்லாக் கார்டுகளையும் சேர்த்தும் பார்ப்பார்கள், ஒவ்வொரு கார்டையும் தனித்தனியாகவும் பார்ப்பார்கள். மூன்று கார்டில் இரண்டு காலியாக இருந்தாலும் ஒன்று நிரம்பி வழிந்தால் ஸ்கோர் இறங்கும்.

புதிதாக வந்தவர்களுக்கு இது இன்னும் கடுமையாக அடிக்கும். ஊரில் எத்தனை வருட நல்ல கணக்கு இருந்தாலும் அது அமெரிக்க பீரோக்களின் பதிவில் இருக்காது, பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பம். முதல் கார்டுக்கு 500 டாலரோ 1,000 டாலரோதான் லிமிட் தருவார்கள். பல வருடமாக இங்கே இருப்பவருக்கு 30,000 லிமிட் இருக்கும், அவர் மாதம் 2,000 செலவழித்தால் 7 சதவீதம்கூட வராது. அதே 2,000-த்தை நீங்கள் 3,000 லிமிட் கார்டில் செலவழித்தால் 67 சதவீதம். இருவரும் ஒரே மாதிரிதான் செலவு செய்கிறார்கள், ஒரே மாதிரிதான் கட்டுகிறார்கள். பதிவில் நீங்கள் கடனில் மூழ்கியவர் போலத் தெரிவீர்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த அடி சீக்கிரம் ஆறிவிடும். கட்டத் தவறியது ஏழு வருடம் ரிப்போர்ட்டில் நிற்கும். யூட்டிலைசேஷன் அப்படியல்ல. வீட்டுக் கடனுக்கு இத்தனை காலமாகப் பயன்படுத்திவரும் ஃபைகோ ஸ்கோர்கள் கடைசியாகப் பதிவான பாக்கியைத்தான் கணக்கில் எடுக்கும். அடுத்த மாதம் பாக்கி குறைந்து பதிவானால் ஸ்கோரும் ஏறிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது எளிமையானது. ப்ரீ-அப்ரூவலுக்குப் போவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே, ஸ்டேட்மென்ட் தேதிக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே கார்டு பாக்கியைக் கட்டிவிடுங்கள். தேதி எது என்று கார்டின் ஆப்பிலேயே இருக்கும். 30 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வீடு வாங்கும் நேரத்தில் அது போதாது, ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் நல்லது என்பது என் கருத்து. அதற்காக எல்லாக் கார்டையும் பூஜ்யமாக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் சின்னத் தொகை ஸ்டேட்மென்ட்டில் வரட்டும், அப்புறம் ட்யூ டேட்டில் அதையும் கட்டிவிடலாம். பாக்கி வைத்து வட்டி கட்டினால்தான் ஸ்கோர் ஏறும் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள், அது வீண் செலவு.

இத்தனை பாடு எதற்கு என்றால், வீட்டுக் கடனில் ஸ்கோரைப் படிப்படியாகப் பிரித்துத்தான் வட்டியும் கட்டணமும் வைக்கிறார்கள். வீட்டுக் கடன்களைக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மே, ஃபிரெடி மேக் வழியாகப் போகும் சாதாரணக் கடன்களில் 700, 720, 740, 760, 780 என்று 20 புள்ளிக்கு ஒரு படி. 738 ஒரு படி, 741 அடுத்த படி. இந்த மூன்று புள்ளி வித்தியாசம் 30 வருடக் கடனில் கணிசமான பணம். 20 சதவீதத்துக்குக் குறைவாக டவுன் பேமென்ட் போடுபவர்களுக்கு மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் (கடன் திரும்பாவிட்டால் கடன் கொடுத்தவரைக் காக்கும் காப்பீடு) பிரீமியமும் ஸ்கோரைப் பொறுத்தே மாறும். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். குறைந்த ஸ்கோருக்கும் இடம் கொடுக்கிற, அரசு காப்பீட்டோடு வரும் எஃப்.ஹெச்.ஏ. கடன், 2025 மே 25 முதல் கிரீன் கார்டு இல்லாதவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த வழி மூடிவிட்டதால் நமக்கு ஸ்கோர் முன்பைவிட முக்கியம்.

லெண்டர், அதாவது கடன் தருபவர், பொதுவாக மூன்று பீரோவிலிருந்தும் ஸ்கோர் எடுத்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார். 718, 742, 751 என்றால் உங்கள் ஸ்கோர் 742. போனில் இலவச ஆப் காட்டும் எண் பெரும்பாலும் வேறு வகைக் கணக்கு, அது லெண்டர் கையில் இருப்பதோடு ஒத்துப்போகாது. அதைவிட ரிப்போர்ட்டையே பாருங்கள். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் மூன்று பீரோவின் ரிப்போர்ட்டையும் வாரம் ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். ஒவ்வொரு கார்டுக்கும் எந்தத் தேதியில் எவ்வளவு பாக்கி பதிவாகியிருக்கிறது என்று அதில் தெரியும். நம் நீளமான பெயர்களை அவர்கள் முதலும் கடைசியுமாகப் பிரித்துக் குழப்பியிருப்பார்கள், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கி ஸ்கோரோடு நிற்பதில்லை. உங்கள் மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் கடனுக்குப் போகிறது என்றும் லெண்டர் பார்ப்பார். அதில் ஒவ்வொரு கார்டின் மினிமம் பேமென்ட்டும் சேரும். பாக்கி குறைந்தால் அதுவும் குறையும், அந்த அளவுக்குக் கூடுதலாகக் கடன் கிடைக்கும்.

உண்மையிலேயே மாதக்கணக்கில் பாக்கியை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்றால், டவுன் பேமென்ட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்தாவது அதை முதலில் அடைத்துவிடுங்கள். கார்டு வட்டி 20 சதவீதத்துக்கு மேல் போவது இங்கே சாதாரணம். கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஃபேனி மேயின் கணினி முறை 2016 முதல், ஒருவர் 24 மாதமாகக் கார்டை எப்படிக் கட்டிவந்தார் என்பதையும் பார்க்கிறது. ஆகவே முழுசாகக் கட்டும் பழக்கத்துக்கே தனி மதிப்பு உண்டு. கார்டை அடைக்க ஊரிலிருந்து பணம் வரவழைப்பதாக இருந்தால் சீக்கிரமே வரவழையுங்கள். லெண்டர் கடைசி இரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார். அதில் திடீரென்று பெரிய தொகை தெரிந்தால் எங்கிருந்து வந்தது, திருப்பித் தர வேண்டியதா என்று எழுதிக் கேட்பார்.

கார்டை அடைத்துவிட்டோம், இனி எதற்கு என்று மூடிவிடாதீர்கள். மூடினால் அந்த லிமிட் போய்விடும், மற்ற கார்டுகளின் பாக்கி அதே அளவு இருந்தாலும் சதவீதம் ஏறிவிடும். லிமிட்டை உயர்த்தக் கேட்பது நல்ல வழிதான். கேட்பதற்கு முன் ஹார்ட் இன்க்வயரி (ரிப்போர்ட்டில் பதிவாகி ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கக்கூடிய விசாரணை) விழுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாத மனைவியையோ கணவரையோ உங்கள் கார்டில் ஆதரைஸ்டு யூசராக, அதாவது அந்தக் கார்டைப் பயன்படுத்த அனுமதி உள்ளவராக, சேர்த்திருந்தால், உங்கள் பாக்கி பெரும்பாலும் அவர் ரிப்போர்ட்டிலும் ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

என்னைப் போல லெண்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரியவருகிறது என்றாலும் பதற வேண்டாம். பாக்கியைக் கட்டிவிட்டு, அதற்கான ஆதாரத்தைக் கொடுத்து ரேப்பிட் ரீஸ்கோர், அதாவது பதிவை உடனே திருத்தி ஸ்கோரை மறுபடி கணக்கிடுவது, செய்யச் சொல்லுங்கள். நாமாக பீரோவிடம் அதைக் கேட்க முடியாது, லெண்டர் வழியாகத்தான் நடக்கும். அடுத்த ஸ்டேட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் சில நாளிலேயே புதிய ஸ்கோர் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

ப்ரீ-அப்ரூவல் கிடைத்துவிட்டது என்று உடனே தளர்ந்துவிடாதீர்கள். க்ளோசிங்குக்கு, அதாவது கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் நாளுக்கு, சில நாள் முன்பு லெண்டர் மறுபடியும் கிரெடிட்டைப் பார்ப்பார். இந்த இடைவெளியில்தான் மனம் சோஃபாவிலும் வாஷிங் மெஷினிலும் போகும். கடையில் புதுக் கார்டு எடுத்தால் ஒரு வருடம் வட்டியில்லை என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் க்ளோசிங் முடிந்து சாவி கைக்கு வந்த பிறகுதான் கட்டில் வாங்கினோம். அதுவரை இரண்டு இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தோம்.