ஸ்டோரிபோர்டு: படம்பிடிக்கும் முன்பே வெட்டி ஒட்டிப் பார்ப்பது

எடுக்கப்போகும் ஷாட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டத்துக்குள் வரைந்து வரிசைப்படுத்துவதுதான் ஸ்டோரிபோர்டு. ஓவியம் வராது என்று அதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். குச்சி மனிதர்களே போதும். முகத்தில் மூக்கை மட்டும் போட்டுவிடுங்கள், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும்.

எல்லாக் காட்சிக்கும் வரைய வேண்டியதில்லை. சண்டை, விபத்து, பெருங்கூட்டம், கிராஃபிக்ஸ் சேரும் ஷாட்டுகள் ஆகியவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். இருவர் மேஜையில் பேசும் காட்சிக்கு, மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தரைப்படம் போதும். அனிமேஷன் மட்டும் வேறு கதை. 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் படங்களைச் சுவரில் வரிசையாகக் குத்திப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, அங்கே போர்டுதான் முதல் எடிட்.

வரையும் முன் தரைப்படத்தை முடியுங்கள். சுவர், கதவு, ஜன்னல், நடிகர்கள் நிற்கும் இடம், கேமரா நிலைகள் எல்லாம் அதில் வர வேண்டும். பேசும் இருவரையும் இணைத்து ஒரு கோடு போட்டு, கேமராக்களைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஒன்று மறுபக்கம் போனால், ஷாட்டுகளை வெட்டி ஒட்டும்போது, எதிரெதிரே பேசுபவர்கள் ஒரே திசையைப் பார்ப்பார்கள். எடிட்டிங் மேஜையில் இதைச் சரிசெய்ய வழி குறைவு.

கட்டத்தின் அளவு படத்தின் விகிதத்திலேயே இருக்கட்டும். அகலம் 12 செ.மீ. என்றால், 16:9-க்கு உயரம் 6.75 செ.மீ., ஸ்கோப் எனப்படும் 2.39:1 அகலத்திரைக்கு 5 செ.மீ. கைக்கு வந்த அளவில் கட்டம் போட்டால், அதில் அழகாக அடங்கிய தலை ஸ்கோப்பில் வெட்டுப்படும். ஒரு தாளுக்கு ஒரு ஷாட் மட்டும் வரையுங்கள். வரிசையை மாற்றுவதுதான் இந்த வேலையில் பாதி. காட்சி எண், ஷாட் எண் எழுதுங்கள். இடையில் புதிய ஷாட் சேர்ந்தால் 12அ என்று கொடுங்கள். பழைய எண்களை மாற்றினால் ஷாட் பட்டியலோடு குழப்பம் வரும்.

நடிகரின் அசைவுக்கு அம்புக்குறி கட்டத்துக்குள்ளே, கேமரா அசைவுக்கு வெளியே. பான் (கேமரா நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்புவது) என்றால் நீளமான ஒரே படம் வரைந்து, தொடக்க, முடிவுக் கட்டங்களை அதன்மேல் குறியுங்கள். வலப்பக்கம் வெளியேறுபவர் அடுத்த ஷாட்டில் இடப்பக்கமிருந்து நுழைகிறாரா என்று பாருங்கள். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் காட்டினால் கோணம் 30 டிகிரியாவது மாறட்டும், இல்லாவிட்டால் வெட்டு துள்ளலாகத் தெரியும்.

பென்சிலுக்குச் சுவர் தடையில்லை, கேமராவுக்கு உண்டு. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, நிற்பவரைத் தலை முதல் கால் வரை 16:9-இல் பிடிக்க ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 24 மி.மீ. என்றால் சுமார் இரண்டரை மீட்டர், ஆனால் அறை நீண்டு தெரியும், ஓரங்கள் இழுபடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் கீழும் லென்ஸ், தூரம், வசனத்தின் முதல் சொற்கள், வினாடி நான்கையும் எழுதுங்கள். வினாடியை ஊகிக்காமல், வசனத்தை வாய்விட்டுச் சொல்லி ஸ்டாப்வாட்சில் பாருங்கள்.

பிறகு கட்டங்களைப் போனில் படமெடுத்து, அந்த வினாடிகளுக்கு அடுக்கி, வசனத்தைப் பதிவுசெய்து சேர்த்தால் அனிமேட்டிக் தயார். தாளில் தெரியாத தொய்வு இதில் உடனே தெரியும். எந்த ஷாட்டை நீக்கிவிட்டாலும் காட்சி புரிகிறதோ, அதன் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். வெளிச்சம் போகும் நேரத்தில் முதலில் கைவிட வேண்டியவை அவைதான்.