மறுநாள் காணாமல் போன பில்கள்: பைத்தான் செயலியைச் சரிசெய்த கதை

மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு பைத்தான் மொழியில், திரையில் ஜன்னல், பொத்தான்கள் காட்டும் டிகின்டர் நூலகத்தை வைத்து பில் போடும் செயலி ஒன்று எழுதிக் கொடுத்தேன். பென் டிரைவில் கொண்டுபோக வசதி என்று, பைத்தான் நிரலை நேரடியாக ஓடும் செயலியாக்கித் தரும் பைஇன்ஸ்டாலரின் 'ஒன்ஃபைல்' முறையில் ஒரே இஎக்ஸ்இ கோப்பாக்கினேன். மறுநாள் காலையிலேயே போன். "மாப்ள, நேத்துப் போட்ட பில் ஒண்ணுகூட இல்லப்பா."

என் மடிக்கணினியில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் நான் அதுவரை சோதித்ததெல்லாம் மூல நிரலை மட்டும்தான். ஒன்ஃபைல் செயலி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரித்து வைத்துக்கொண்டு ஓடும். மூடியதும் அந்தக் கோப்புறை அழிந்துவிடும். பில்களைச் சேமிக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை நிரல் இருக்கும் இடத்திலேயே, அதாவது அந்தத் தற்காலிகக் கோப்புறையிலேயே, வைக்கும்படி எழுதியிருந்தேன். பில்களும் அதோடு போய்விட்டன.

தரவுத்தளத்தை, செயலிகள் தங்கள் தரவைச் சேமிக்கும் விண்டோஸின் 'ஆப்டேட்டா' கோப்புறைக்கு மாற்றினேன். செயலியை, எல்லாக் கோப்புகளையும் முன்பே பிரித்து ஒரு கோப்புறையில் வைக்கும் 'ஒன்டிர்' முறையில் கட்டினேன். ஒவ்வொரு முறையும் பிரிக்கும் வேலை இல்லாததால் சட்டென்று திறக்கிறது. தேவையற்ற நூலகங்கள் உள்ளே நுழையாதபடி இந்தச் செயலிக்கு வேண்டிய நூலகங்கள் மட்டும் இருக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது சின்னத் திருத்தங்களை மூல நிரலிலேயே ஓட்டிப் பார்க்கிறேன். கொடுப்பதற்கு முன், பைத்தானே இல்லாத இன்னொரு விண்டோஸ் கணினியில் ஒரு பில் போட்டு, மூடி, மறுபடி திறந்து பார்க்கிறேன். விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸிலேயே கட்ட வேண்டும். லினக்ஸில் பைஇன்ஸ்டாலரை ஓட்டினால் லினக்ஸுக்கான கோப்புதான் வரும்.

நல்லவேளை, மாமா கார்பன் நகல் வைத்திருந்தார். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து எல்லா பில்களையும் திரும்ப ஏற்றினோம்.