நெட் வரவில்லையா? ரீசெட் துளையில் ஊக்கை விடுவதற்கு முன்

போகிக்கு முந்தின வாரம் சித்தி வீட்டில் வெள்ளையடித்தார்கள். டிவி ஸ்டாண்டை நகர்த்தி, சுவரைச் சுரண்டி, பெயின்ட் காய்ந்ததும் பழையபடி தள்ளி வைத்தாயிற்று. அன்று ராத்திரியே நெட் போய்விட்டது. சித்தப்பா ரௌட்டரை நாலைந்து தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் உதவிக்கு வந்தான். "ரீசெட் பண்ணா சரியாயிடும் அங்கிள்" என்று பின்பக்கத் துளையில் ஊக்கை விட்டு அழுத்திப் பிடித்தான். அப்போதும் வரவில்லை.

மறுநாள் நான் போய் முதலில் விளக்குகளைப் பார்த்தேன். எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டை ஒரு சாண் முன்னால் இழுத்தேன். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் மஞ்சள் ஃபைபர் ஒயர் மாட்டி, காகிதத்தை மடித்ததுபோல மடிந்து கிடந்தது. விடுவித்துத் தளர்வாகச் சுற்றி வைத்ததும் சிவப்பு அணைந்து, ஒரு நிமிடத்தில் பச்சை நிலைத்தது. ஆனால் நெட் வரவில்லை. அதற்குள் இருந்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் முந்தின நாள் ஊக்கு அழித்திருந்தது. பொங்கல் லீவு முடிந்து கேபிள்காரர் வந்து போட்டுத் தரும்வரை சித்தி பேரனை வீடியோவில் பார்க்க முடியவில்லை.

ஸ்டாண்டை நகர்த்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒரு கோளாறு இரண்டானதுதான் அங்கே நடந்தது. ரௌட்டர் விஷயத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இந்த வகைதான்: எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்காமலே கைக்குக் கிடைத்ததை அழுத்திவிடுகிறோம்.

வைஃபை வேறு, நெட் வேறு

போனில் வைஃபை கோடுகள் முழுதாக இருக்கின்றன, ஆனால் எதுவும் திறக்கவில்லை. உடனே "சிக்னல் ஃபுல்லா இருக்கே" என்று குழம்புகிறோம். அந்தக் கோடுகள் சொல்வது போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான். ரௌட்டருக்கு நெட் வருகிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது.

நெட் நம் கைக்கு வருவதற்குள் பல இடம் தாண்டி வருகிறது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு ஒரு ஃபைபர். அதன் முனையில் ஓ.என்.டி. என்கிற பெட்டி, இதைத்தான் மோடம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சில வீடுகளில் அதுவே ரௌட்டராகவும் இருக்கும், சில வீடுகளில் ரௌட்டர் தனி. அப்புறம் வைஃபை, கடைசியில் போன். இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் போனில் தெரிவது ஒன்றுதான்: நெட் இல்லை.

அதனால் முதல் வேலை, வீட்டில் இன்னொரு போனில் பார்ப்பது. ஒன்றில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் ரௌட்டரைத் தொடவே வேண்டாம். கோளாறு அந்தப் போனில் இருக்கிறது. வைஃபை பெயரை 'மற' என்று கொடுத்து மறுபடி சேர்ப்பது, வி.பி.என். ஆப் ஓடுகிறதா என்று பார்ப்பது, லேப்டாப் என்றால் தேதியும் நேரமும் சரியா என்று பார்ப்பது, இவற்றில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று நினைத்து பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கும்.

விளக்குகளைப் பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெட்டியே என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

பி.ஓ.என். என்று போட்ட விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால், உங்கள் பெட்டி கம்பெனியின் தலைமைக் கருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது சிமிட்டினால் இன்னும் பேச முயல்கிறது. எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை. அப்போது பாஸ்வேர்டை மாற்றினாலும் ரீசெட் பண்ணினாலும் புது ரௌட்டரே வாங்கி வைத்தாலும் பயன் இல்லை. ஒயர் எங்கேயாவது மடிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, சொருகி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் கோளாறு வெளியே இருக்கிறது. ஒரே ஃபைபரை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதே கம்பெனி இணைப்பு உள்ள பக்கத்து வீட்டில் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஃபைபர் ஒயரைக் கையாளும்போது சில விஷயங்களை மறக்கக் கூடாது. அது செப்புக் கம்பி இல்லை, தலைமுடி அளவுக் கண்ணாடி இழை. காபி டம்ளர் வாயை விடச் சின்ன வளையமாகச் சுற்றாதீர்கள், ஆணியில் மடித்துத் தொங்கவிடாதீர்கள். சொருகியைக் கழற்ற வேண்டி வந்தால் முனையில் உள்ள வெள்ளைத் தண்டை விரலால் தொடக் கூடாது, வேட்டி நுனியால் துடைக்கவும் கூடாது; விரல் எண்ணெய்ப் பிசுக்கே ஒளியைத் தடுக்கப் போதும். வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் பச்சை நிறச் சொருகிதான் இருக்கும். அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. நீல நிறச் சொருகியின் முனையில் அந்தச் சாய்வு கிடையாது. இரண்டும் ஒன்றில் ஒன்று நுழையும், ஆனால் முனைகள் சரியாகப் பொருந்தாமல் ஒளி வீணாகும். இன்னொன்று, கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து "வெளிச்சம் வருதா" என்று ஒருபோதும் பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் லேசர். கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே அதில் கவனம் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

பி.ஓ.என். பச்சையாக இருந்து, இன்டர்நெட் என்ற விளக்கு மட்டும் சிவப்பாகவோ அணைந்தோ இருக்கிறதா? ஒளி வருகிறது, லாகின் ஆகவில்லை. இந்த இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பில். பிளான் தேதி முடிந்திருந்தால் ஃபைபர் விளக்குகளில் ஒரு மாற்றமும் தெரியாது, நெட் மட்டும் நின்றுபோகும். மொபைல் டேட்டாவில் கம்பெனி ஆப்பைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிட வேலை.

நெட் நன்றாக ஓடும் ஒரு நாளில் பெட்டியின் முகப்பை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும் நாளில் எந்த விளக்கு மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டால் போதும், எந்த விளக்குக்கு என்ன பொருள் என்று மனப்பாடம் பண்ண வேண்டாம்.

ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒன்றல்ல

ரீஸ்டார்ட் என்றால் தூங்க வைத்து எழுப்புவது. ரீசெட் என்றால் கடையில் வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோவது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் வினை கொஞ்சம் அல்ல.

துளையில் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் கம்பெனியோடு லாகின் ஆக உள்ள பி.பி.பி.ஓ.ஈ. யூசர்நேமும் பாஸ்வேர்டும், வி.லேன் எண்ணும் (உங்கள் இணைப்பு எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று கம்பெனி தரும் எண்) போய்விடும். இவை இல்லாமல் பெட்டி லாகின் ஆகாது. நீங்கள் வைத்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும்கூடப் போய், அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருப்பவை திரும்பி வரும். வீட்டில் உள்ள டிவி, கேமரா எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும். சில பெரிய கம்பெனிகளின் பெட்டிகள் ரீசெட்டுக்குப் பிறகு தாமாகவே விவரங்களை இறக்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஃபைபரில் ஒளியே வராத நேரத்தில் அதற்கும் வழியில்லை.

அதனால் யூசர்நேம், பாஸ்வேர்டு, வி.லேன் எண் மூன்றையும் கேபிள்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, உங்கள் இணைப்பு அது. எழுதி வாங்காமல் துளைப் பக்கம் போகாதீர்கள்.

ரீஸ்டார்ட்டிலும் அவசரம் கெடுக்கும். ஸ்விட்சை அணைத்து அடுத்த நொடியே போட்டால் உள்ளே மின்சாரம் முழுசாக வடிந்திருக்காது. அரை நிமிடமாவது விடுங்கள். தனி ரௌட்டர் இருந்தால் முதலில் ஓ.என்.டி.யைப் போட்டு, பி.ஓ.என். விளக்கு நிலைத்த பிறகு ரௌட்டரைப் போடுங்கள். போட்டும் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். சில சமயம் கம்பெனிப் பக்கத்தில் உங்கள் பழைய லாகின் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் இருக்கும், புது லாகினை அனுமதிக்காது. திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவதை விட, பத்து நிமிடம் அணைத்தே வைத்திருந்தால் அது தானாகச் சரியாகும்.

அடாப்டர் மாறிப்போவது

டிவி பக்கத்தில் செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் ரௌட்டர் அடாப்டரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பின் அளவும் ஒன்றாகவே இருக்கும். சுத்தம் பண்ணும்போது மாறிவிடுகிறது. 12 வோல்ட் வேண்டிய ரௌட்டரில் 9 வோல்ட்டைச் செருகினால் விளக்கு எரிந்தாலும் எரியும், ஆனால் நாலு பேர் வைஃபையில் சேர்ந்ததும் அணைந்து மறுபடி எழும். மாற்றிச் செருகினால், அதாவது 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட்டைக் கொடுத்தால், பெட்டியே போகலாம். பெட்டியின் அடியிலும் அடாப்டரிலும் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: வோல்ட் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மினி யு.பி.எஸ். வாங்கும்போதும் இதே கணக்குதான். அடாப்டரில் ரௌட்டரின் பெயரை மார்க்கரால் எழுதி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

புது ரௌட்டர் வாங்கியவர்கள்

இங்கே நடப்பது வேறு வகைத் தவறுகள். ஓ.என்.டி.யிலிருந்து வரும் ஒயரை வீட்டுக் கருவிகளுக்கான மஞ்சள் லேன் போர்ட்டில் செருகிவிடுவார்கள். அது வெளியிலிருந்து நெட் வாங்கும் வேன் போர்ட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் நீலமாகவோ மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளியோ இருக்கும். இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தாலும் நெட் வராது. புதுசின் முகவரியை 192.168.2.1 என்று மாற்ற வேண்டும். உள்ளூர் கேபிள் இணைப்புகளில் பழைய ரௌட்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணை, பதிந்து வைத்திருப்பார்கள், புதுசை அது சேர்த்துக்கொள்ளாது. ரௌட்டர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் கேபிள்காரருக்கு ஒரு போன் போடுங்கள்.

லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் ரௌட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். முகவரி சரியாக வந்து, கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைத் தகவல்) போய்த் திரும்புகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். கோளாறாக இருக்கும், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை வேலை செய்யவில்லை. நெட்வொர்க் செட்டிங்கில் டி.என்.எஸ். இடத்தில் அதே 8.8.8.8 ஐயோ 1.1.1.1 ஐயோ போட்டுப் பாருங்கள்.

புகார் கொடுக்கும்போது

"நெட் வரலை" என்று மட்டும் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற பதில்தான் வரும். "எல்.ஓ.எஸ். சிவப்பா இருக்கு, வீட்டுக்குள்ள ஒயர் நல்லாத்தான் இருக்கு, பக்கத்து வீட்லயும் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், நேரே லைன் ஆளை அனுப்புவார்கள். புகாருக்கு டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஆம் ஆண்டு விதிமுறைப்படி அதைத் தருவது கம்பெனியின் கடமை. தீர்வில் திருப்தி இல்லை என்றால் அந்த எண்ணை வைத்துக் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம்.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். பில்லிலோ ஆப்பிலோ உள்ள எண்ணை மட்டும் அழையுங்கள். தேடலில் போலி எண்களை வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ரௌட்டரைச் சரிபண்ண உங்கள் போன் திரையை யாரும் பார்க்க வேண்டியதில்லை, ஓ.டி.பி.யும் வேண்டியதில்லை. யாராவது ஒரு ஆப்பை இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930 க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை ஒரு தாளில் எழுதி, யூசர்நேம் எழுதிய தாளோடு சேர்த்து ரௌட்டர் பக்கத்திலேயே ஒட்டிக் கொடுங்கள். சித்தி வீட்டில் இப்போது அப்படித்தான் ஒட்டியிருக்கிறது, டிவி ஸ்டாண்டும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே நிற்கிறது.