குறையுள்ள முயலைத் தத்தெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோண்டாவிலிலிருந்து ஓர் இளம் தம்பதியினர், காப்பகத்தில் எடுத்த, பின்னங்கால் இரண்டும் இழுபடும் முயலொன்றை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தனர். முயல் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே பிழைகளை அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கூட்டை வெயிலில் வைக்கக் கூடாது என்பன எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

"விடியப் பார்ப்பம்"

இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஏனெனில் அதைச் சொல்லி ஒரு முயலைச் சாகவிட்டவன் நான். சித்திரை மாதத்து மதியம் ஒன்றில், பல் பொருந்தாத என் பெட்டை முயல் பொன்னாங்காணியை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்க் குந்திக்கொண்டது. வெயிலுக்குத் தின்னவில்லை என்று நினைத்தேன். பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி ஓமத்தண்ணீர் பருக்கச் சொன்னார்; பருக்கினேன். வழமையாக ஒரு சிரட்டை நிறையப் புழுக்கை கிடக்கும் தட்டில் அன்றிரவு கிடந்தவை ஏழு, அவையும் மிளகளவுக்குச் சிறுத்தவை. அதைக் கண்ட பிறகும் படுத்துவிட்டேன். விடிந்தபோது காதுகள் சில்லிட்டிருந்தன. வைத்தியரின் மேசையிலேயே அது இறந்தது. கடைவாய்ப்பல்லின் கூர்முனை நாக்கைக் கிழித்திருந்ததை அவர் வாயைத் திறந்து காட்டினார்.

முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது. நோவினால் தின்பதை நிறுத்தினால் குடலின் ஓட்டம் தளரும், உள்ளிருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், அந்த நோவினால் அது இன்னும் தின்னாது. வாந்தி எடுக்கவும் முயலால் முடியாது. (மற்ற மிருகங்கள் வாந்தி எடுத்துவிடும் என்றுதான் சத்திரசிகிச்சைக்கு முன் பட்டினி போடுவர்; முயலையும் போடச் சொன்னால் ஏனென்று கேளுங்கள்.) 12 மணித்தியாலம் தின்னாத முயலுக்கு உடனே சிகிச்சை வேண்டும், பல்லிலோ முதுகெலும்பிலோ குறையுள்ள முயலுக்கு அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வோர் இரவும் புழுக்கையைப் பாருங்கள். முயல்களுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய மிருக வைத்தியரைத் தத்தெடுக்கும் முன்பே விசாரித்து வையுங்கள். மாடும் ஆடும் நாயும் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும் இடத்தில் அப்படி ஒருவரைத் தேடுவது இரவு பத்து மணிக்குச் செய்யக்கூடிய வேலையல்ல.

நகவெட்டியால் பல் வெட்டுதல்

முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்வதால், பொருந்தாத பல்லைச் சில வாரங்களுக்கு ஒருமுறை குறைத்தே ஆக வேண்டும். நகவெட்டியால் நறுக்கினால் பல் நெடுக்காக வெடித்து, வேரில் சீழ் கட்டும். வைத்தியர் சுழலும் கருவியால் தேய்த்துக் குறைப்பார். முன்பற்களை முற்றாகப் பிடுங்கிவிட்டாலும், கீரையை நறுக்கிக் கொடுத்தால் முயல் உதட்டால் எடுத்துக் கடைவாயால் அரைத்து நன்றாகவே வாழும்.

வைக்கோலைத் தீனியாக்குதல்

அது படுக்கைக்கு. தின்பதற்கு அறுகும் கினிப்புல்லும் காயவைத்துக் கொடுங்கள்.

தினமும் முருங்கையிலை

கல்சியம் மிகுதி; சிறுநீர் சுண்ணாம்புக் கரைசல் போலாகும்.

குளிப்பாட்டுதல்

வேண்டாம்.

ஈயை மறந்துவிடுதல்

கால் இழுபடும் முயலால் தன் பின்புறத்தைத் துப்புரவாக்க முடியாது. சிறுநீரில் ஊறிய முடியில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு தோலைத் துளைக்கத் தொடங்கிவிடும். காலையும் மாலையும் வாலடி முடியைப் பிரித்துப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். நாய்க்குப் பூசும் பிப்ரோனில் மருந்து வீட்டில் இருந்தாலும் எடுக்காதீர்கள், அது முயலைக் கொல்லக்கூடியது. கோண்டாவில் முயலின் வாலடியில், அரிசிக் குறுநொய்யை ஒட்டி வைத்ததுபோல் நாலைந்து வெள்ளை முட்டைகள் இருந்தன. தேநீர் ஆறுவதற்குள் பேன்சீப்பால் வாரி எடுத்துவிட்டேன்.